பாட்டிலில் மிஞ்சிய தண்ணீர்

திருத்துவதற்காக எடுத்த கணக்கு நோட்டுகள் எல்லாவற்றிலும் கறிவேப்பிலை வாசனை. வகுப்பு வாசலில் இருக்கும் செடியைக் கசக்காமல் இந்தப் பிள்ளைகளால் உள்ளே வர முடியாது என்று உனக்குத்தான் தெரியுமே. நீ இருந்தால் "செடிய விட்டு வையுங்கடா, சாம்பாருக்கு மிஞ்சோணும்" என்று அதட்டியிருப்பாய். எனக்கு அதட்ட வரவில்லை. ஒரு நோட்டை மூக்கருகே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன தசரா விடுமுறைக்கு உன் ஊரான ஹனூருக்குப் பஸ் ஏறினாய். காய்ச்சல் என்று நீயே போன் செய்தாய். அடுத்த போன் உன் தம்பியிடமிருந்து வந்தது, நீ போய்விட்டாய் என்று. அதிலிருந்து இந்தப் பள்ளியில் எனக்கு ஒரே பயம், உன்னை மறந்துவிடுவார்கள் என்று. ஜூனில் உன் இரண்டாம் வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டது அதனால்தான்.

நீ வேலைக்கு வந்த புதிதில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வேனுக்கு ஓடுவார்கள். "மைசூர்க்காரங்களுக்குக் கொழாயத் தெறந்தா காவேரி. எங்க ஊர்ல டிராக்டர் வந்தாத்தான் தண்ணி" என்று என்மேல் எரிந்து விழுந்தாய், காவிரியை நான்தான் வீட்டில் ஒளித்து வைத்திருப்பதைப் போல. மறுநாள் ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு வந்தாய். அறிவுரை கிடையாது, வாசகம் எழுதிய அட்டை கிடையாது. மிச்சமிருந்தால் இதற்கு ஊற்றுங்கள் என்று கன்னடத்தில் சொன்னதோடு சரி.

கொஞ்ச நாளிலேயே வம்பு வந்தது. கட்டட வேலைக்குப் போகும் ஒரு அம்மா, சிமெண்ட் காயாத கையோடு வந்து நின்றாள். "டீச்சர், பாப்பா ஸ்கூல்ல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது. ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழுவுது. கேட்டா, செடிக்கு வேணுமாம்."

விசாரித்தால் பாதி வகுப்பு அப்படித்தான் இருந்தது. யார் அதிகம் ஊற்றுவது என்று போட்டி. கன்று வேறு தண்ணீர் தாங்காமல் மஞ்சளாகிப் போயிருந்தது. உன் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற தப்புங்க. பாதிதான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாய்.

மறுநாள் இடைவேளையிலிருந்து எல்லோரும் ஒன்றாக மூடியைத் திறந்தாக வேண்டும். நீயும் உன் பாட்டிலோடு முன்னால் நிற்பாய். மொதல்ல வயிறு, அப்பறந்தான் செடி. குடித்துக் காட்டாமல் யாரும் நகர முடியாது. பக்கத்து வகுப்பிலிருந்து நான் கேலி செய்வேன். "உன் க்ளாஸ் பாடம் படிக்கறதவிட பாத்ரூம் க்யூல நிக்கறதுதான் ஜாஸ்தி, இல்லியா?"

"நிக்கட்டும் புள்ள, நிக்கட்டும்" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பை எங்கே போய்க் கேட்பேன்?

பிறகு பிறந்தநாள் சாக்லேட் போய் வாழைப்பழம் வந்தது. தோலைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். பென்சில் கைக்குள் மறையும் அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் புதுசு. எதையும் நீ அவசரப்படுத்தவில்லை. செடி தழைத்த பிறகு, உன் பெயரோடு அங்கே ஒரு பலகை வைக்கலாம் என்றார் தலைமையாசிரியை. நீ மறுத்துவிட்டாய். "பலகைய யாரு படிக்கப் போறாங்க? புள்ளைகளுக்குப் பழகிட்டாப் போதும்."

இன்று பள்ளி விட்டதும் வழக்கம்போல வரிசையாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் பழைய வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு குட்டிப் பெண்ணிடம், இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அவள் ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவள். பாட்டிலைக் கவிழ்த்தபடியே, "யாரும் சொல்லல மிஸ், இங்க அப்படித்தான்" என்று கன்னடத்தில் சொன்னாள்.

உன் பெயர் என் வாய்வரை வந்துவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தி, உன்னைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் கொட்ட வேண்டும் போலிருந்தது. வேன் ஹாரன் அடித்தது, அவள் ஓடிவிட்டாள். நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர்களுக்கு இனி உன் பெயர் வேண்டியதில்லை. எனக்குத்தான் வேண்டியிருக்கிறது. எல்லோரும் போன பிறகு, யாருமில்லாத வகுப்பில், அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.