குழாயில் படித்த ஜெபச் சீட்டுகள்

18.1.1972

வடக்குத் தென்னையில் ஒன்று, தெற்குத் தென்னையில் ஒன்று, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியாயிற்று. பத்து நாள் சுவிசேஷக் கூட்டம். பிரசங்கியார் ஞானாபரணம் திருநெல்வேலிக்காரர். மூன்று மைல் கேட்குமா என்றார். ஆற்றுக்கு அக்கரைக்கே கேட்கும் என்றேன். மைக் செட்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா?

நல்ல மனிதர். எனக்கும் சேர்த்து டீ சொன்னார். ஏசுவை, அதாவது நம்ம ஈசா நபியை, பெற்ற மரியத்தைப் பற்றி அவர் பேசியபோது, நமக்கும் தெரிந்த சங்கதிதானே என்று ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

19.1.72

ஜெபச் சீட்டு என்று ஒன்று. கஷ்டத்தை எழுதி மேடையிலுள்ள தகரப் பெட்டியில் போட்டால் அவர் ஜெபிப்பார். ஜெபிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பேர், தெரு, தகப்பன் பேர் எல்லாம் மைக்கில் படித்தல்லவா ஜெபிக்கிறார்! டீக்கடைக்காரி அம்சத்தின் மூலவியாதி இன்று மூன்று மைலுக்குத் தெரிந்துவிட்டது.

20.1.72

அறுவடை நின்று ஆறு நாள். செங்கொடிச் சங்கம் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்கிறது. மிராசுதார் துரைராசு மூன்று வேளையும் விபூதிப் பட்டை போடுகிறவர். அவரே சீட்டு கொடுத்தனுப்பியிருக்கிறார்: ‘சங்கத்தாரின் மனதை மாற்றும், ஆண்டவரே.’ அடுத்த சீட்டு சங்கத்துடையது: ‘துரைராசுவின் மனதை இளக்கும்.’ பிரசங்கியார் இரண்டையும் ஒரே கண்ணீரோடு படித்தார். தாலுகா ஆபீசில் நடக்காத பேச்சுவார்த்தை என் குழாயில் நடக்கிறது.

21.1.72

மனசே சரியில்லை.

இன்று படித்த சீட்டு: ‘என் வீட்டுக்காரர் சந்தியாகு குடியை விட வேண்டும். மகள் லூர்துமேரிக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறது, அதற்குள் விட வேண்டும்.’

சந்தியாகுவும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். சாராயக்கடை திறந்த இந்த ஐந்து மாதமாகத்தான் அவனுக்கு இந்தப் பழக்கம். மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அக்கரை. தெற்குக் குழாய் நேரே அங்கேதான் பார்க்கிறது. கட்டியது யாரு? நான்தான். நானேதான்!

22.1.72

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து, ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று சொல்லிவிட்டுப் போயிற்றாம்.

சந்தியாகு வாசலில் வந்து நின்றான். “பாய், என் மானத்தைத் தென்னை மரத்துல கட்டித் தொங்க விட்டுட்டியே” என்றான். குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் பரவாயில்லையே என்றிருந்தது. பின்னால் அவன் பெண்டாட்டி அழுதுகொண்டு நின்றாள். “நான் சாமிகிட்டதானே பாய் சொன்னேன்?”

23.1.72

பிரசங்கியாரிடம் பேசினேன். “ஐயா, உங்க வேதத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லல. ஈசா நபி எங்களுக்கும் நபிதான். குடும்ப விஷயத்தை மட்டும் மைக்கில படிக்காதீங்க.”

“ஈசா நபின்னு சொன்னீங்களே!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிற்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. சாயங்காலம் கூட்டத்தில், “நமது மைக் செட் சகோதரர் அப்துல் ஜலீல் ரட்சிப்புக்கு வெகு அருகில் வந்துவிட்டார், அல்லேலூயா!” என்றார். என் குழாயில். என் கரண்டில்.

24.1.72

பள்ளிவாசலில் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெகு அருகில் என்றால் எத்தனை அடி என்று பெரியவர் மீரா சாகிப் கேட்கிறார்! பதில் சொல்லித் தப்புவதற்குள் அஸர் தொழுகை நேரம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் கறுப்புச் சட்டை பக்கிரி பிடித்துக்கொண்டான். “விடு பாய், சாமியே கிடையாதுன்னு நோட்டீஸ் போட்டுக் கிழிச்சிடலாம்.” வேண்டாமப்பா என்றேன். அந்தப் பெண்பிள்ளை நம்பித்தான் எழுதிப் போட்டாள். நம்பினது ஒரு தப்பா? அதை ஊருக்குக் கேட்கப் படித்ததுதான் தப்பு. இது ஏன் யாருக்கும் புரியவில்லை? எனக்கு மட்டும்தான் கிறுக்கா?

25.1.72

நானே ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். எதையும் முன்கூட்டிப் பார்க்காமல் படிக்கிறவராயிற்றே. எடுத்தார், படித்தார்:

‘ஆண்டவரே, உம்மேல் உள்ள அன்பினால் ஒருவர் எங்கள் வீட்டு ரகசியங்களை ஊருக்கெல்லாம் படிக்கிறார். அவர் நல்லவர். உம்மிடம் மட்டும் சொன்னதை உம்மிடம் மட்டுமே சொல்ல அவருக்குக் கற்றுக்கொடும். பேர் ஞானாப—’

நின்றுவிட்டார். குழாயில் உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும். ‘தகப்பன் பேர் தெரியாது’ என்ற கடைசி வரியை அவர் படிக்கவில்லை. பாவம், அவமானப்படுத்திவிட்டேனோ?

26.1.72

காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நேருல சொன்னீங்களே சகோதரரே, எனக்கு ஏன் கேக்கல?”

“குழாய்க்கு அடியிலயே நிக்கிறவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும் ஐயா.”

சிரித்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு அக்கரைக்கு நடந்தார். மாப்பிள்ளையின் அப்பாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் நெளிந்தார். “சந்தியாகு குடிக்கிறது எங்களுக்கு முந்தியே தெரியுங்க. என் சம்சாரமும் எனக்காக அதே சீட்டை எழுதிப் போட்டிருந்தா. சம்பந்தம் பேசி முடிச்சா, சம்பந்தி சீட்டுன்னு அதையும் சேர்த்துப் படிச்சிடுவீங்களோன்னு பயந்துதான்...”

தை கடைசியில் கல்யாணம். நிச்சயமாகிவிட்டது. சந்தியாகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும்.

27.1.72

கடைசி நாள். சீட்டுகளைப் பிரிக்காமல் இரண்டு கைக்குள் வைத்து, வாய் திறக்காமல் ஜெபித்தார். சுவாரசியம் போய்விட்டதென்று பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. படிக்க ஆளில்லாததால் துரைராசுவும் சங்கத்தாரும் நேருக்கு நேர் உட்கார்ந்து கால் மரக்காலுக்கு ஒத்துக்கொண்டார்கள். நாளை அறுப்பு.

முடிந்ததும் சீட்டுகளை டீக்கடை அடுப்பில் போட்டார். தகரப் பெட்டியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று பச்சைத் தாள், என் மைக் செட் நோட்டீஸின் பின்பக்கம். மடிப்பில் என் பெண்டாட்டி ஹலீமாவின் சாய்ந்த எழுத்து: ‘என் வீட்டுக்காரர்...’ அதற்குமேல் தெரியவில்லை. கை நீட்டுவதற்குள் எரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

“படிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சண்டை போட்டீங்க?” என்று சோற்றைப் போட்டாள்.

தொழுதுவிட்டு நானும் அவளுக்காக ஒரு துஆ கேட்டேன். என்னவென்று இங்கேகூட எழுதப் போவதில்லை.