கழற்றாமல் விட்ட டேப்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யைப் போட்டால் அதே தொடர். பழைய ராணி காலத்து இங்கிலாந்து, புகை கக்கும் மில்கள், தமிழில் அதட்டும் வெள்ளைக்கார முதலாளிகள். முதலிலிருந்து மறுபடியும் போடுகிறார்கள். அணைக்கக் கை வரவில்லை.

மணிமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியறைக்கு நீ குடிவந்த புதிதில், உன் சங்கரன்கோவில் பேச்சு எனக்குச் சிரிப்பு, என் பேச்சு உனக்கு. ஒரகடம் கம்பெனியில் இருவருக்கும் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் மெஷின்தான். காலையில் நான், மத்தியானத்துக்கு மேல் நீ. சேர்ந்து உட்கார்வது ஞாயிறு மட்டும், இந்தத் தொடருக்காக. சனிக்கிழமை அரைநாள் லீவுக்கு அந்த ஜனங்கள் பட்ட பாட்டைக் காட்டியபோது, "நமக்கு இன்னும் சனிக்கிழமை ஓ.டி.தாம்ல" என்றாய்.

ஒரு வாரம், மெஷினைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போடச் சொன்ன கதை வந்தது. வேகம் குறைகிறதென்று மில் தொழிலாளர்களே அதைக் கழற்றிவிட்டார்கள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"நம்மளும் அதத்தானல செய்யுதோம்?"

"சும்மா பார்றா. டார்கெட்ட உங்கப்பனா வந்து முடிப்பாரு?"

நம் மெஷினில் கதவைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும். கதவு ஸ்விட்சை டேப் போட்டு அமுக்கிவிட்டால் நிற்காது, வேலை வேகமாக நடக்கும். ஒட்டியவனே ஷிப்ட் முடிவில் அதைப் பிரித்து, தன் அடையாள அட்டையின் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குள் கட்டுப்பாடு. அந்த ஞாயிறுக்குப் பிறகு நீ டேப்பைத் தொடவே இல்லை. நான் ஒட்டுவதை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ் கிளம்புகிறதென்று ஓடினேன். டேப்பைப் பிரிக்க மறந்துபோனேன். சிக்கிய தகட்டை எடுக்கக் கதவைத் திறந்து, மெஷின் நின்றுவிடும் என்று நம்பி, நீ தலையை உள்ளே விட்டிருக்கிறாய். மெஷின் நிற்கவில்லை.

"டேப்பு அவன்தானே போட்டது?" என்று விசாரணையில் சூப்பர்வைசர் கேட்டார்.

"ஆமா சார். அவன்தான் போட்டுகினு இருப்பான்" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். கோழைப்பயல் நான், வேறென்ன சொல்ல.

என் அட்டையின் பின்னால் பழைய பசை இன்னும் பிசுபிசுக்கிறது. அதைத்தான் தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன்.

ஞாயிறுதோறும் உன் அப்பா ஊரிலிருந்து கூப்பிடுகிறார். இன்றும் கூப்பிட்டார். டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு எடுத்தேன்.

"எம் புள்ள அவசரப்பட்டுட்டானாய்யா?"

ஒவ்வொரு வாரமும் கேட்பதுதான்.

"ஆமாப்பா" என்றேன்.