கொப்பரைக்குப் போகும் புகை

ஸ்வப்னாவுக்கு,

இங்கே நான் சுகம். உனக்கு இருமல் விட்டதா?

போன வாரம் நாங்கள் வேலையாட்கள் சேர்ந்து தங்கும் அறையின் சமையலறையில் சிம்னி தீப்பிடித்தது. பயப்படாதே, என் புருவம் கொஞ்சம் பொசுங்கியது, அவ்வளவுதான். தினமும் எல்லோரும் மீன் பொரிக்கிறார்கள், ஒருவனும் சிம்னியின் சல்லடையைக் கழுவுவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு சளி போலத் தொங்கி என் குழம்பில் சொட்டும். சொன்னால், "சாருக்கு மட்டும் பெரிய சுத்தமாக்கும்" என்று அறையில் கூட இருக்கும் பொழியூர்க்காரன் ததேயூஸ் இளிப்பான். சட்டியில் பிடித்த தீ சல்லடைக்குத் தாவியதும் முதலில் ஓடியவன் அவன்தான். நான் கேஸை அடைத்து, சிம்னியை நிறுத்தி, சட்டியை மூடினேன்.

அப்புறம்தான் நீ அனுப்பிய வீடியோவைக் கவனித்துப் பார்த்தேன். உன் தம்பி ஷிபு நம் வீட்டுச் சிம்னிக் குழாயைச் சுவருக்கு வெளியே விடாமல், பரணில் காயும் தேங்காய்க் கொப்பரைக்குள் விட்டிருக்கிறான்! "புகைய எதுக்கு வெளிய களையணும் அத்தான்? கொப்பரை சட்டுன்னு காயுமாக்கும்" என்று பெருமை வேறு. அது விறகுப் புகையா? எண்ணெய்ப் புகை. உன் தலைக்கு மேல் தீயை அடுக்கி வைத்திருக்கிறான். சிம்னி மாட்ட கம்பெனி ஆளைக் கூப்பிடு என்று அன்றே சொன்னேன். "தம்பி போதும்" என்றாய். நான் மறக்கவில்லை.

கொப்பரையை உடனே இறக்கு. குழாயை வெளியே மாற்றும்வரை சிம்னியைப் போடாதே, ஜன்னலைத் திறந்து வை. போன் செய்தால் சமையலறையிலிருந்தே செய். அந்தச் சிம்னி இரைச்சலில் இத்தனை நாள் உன் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

சுயம்பு