பாதி அப்பம்

மகனே,

நம் அஸ்வான் மாதா கோயிலில் இப்போது நிற்கக்கூட இடமில்லை. சூடானில் சண்டை மூண்டதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எல்லை தாண்டி எகிப்துக்குள் வந்த புதுக் குடும்பங்கள் வருகின்றன.

பூசை முடிந்ததும் வாசலில் ஆசீர்வாத அப்பம் கொடுக்க, பங்குச் சாமியார் அபூனா பிசந்தி என்னை நிறுத்தியிருக்கிறார். “புதுசா வர்றவங்க முகம் வாடாம பாத்துக்கம்மா” என்றார். யாரிடம் சொல்கிறார் பார்.

நேற்று அச்சோல் என்ற சூடான்காரி தன் அப்பத்தைப் பிய்த்து, ஒரு பாதியை என்னிடமே நீட்டினாள்.

“எனக்கு எதுக்கு? நீ சாப்பிடு.”

“தனியா திங்கவாம்மா இவ்வளவு தூரம் வந்தேன்?”

மூன்று வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் உன் மனைவியும் இப்படித்தான் நீட்டினாள். அவளும் சூடான்காரிதான். பசியில்லை என்று சொல்லிக் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன். பூசைக்கு எல்லோரும் வெறும் வயிற்றோடுதான் வருகிறோம். அவளுக்கும் அது தெரியும். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் வரவில்லை.

அச்சோல் கொடுத்ததைச் சாப்பிட்டேன். இன்னொரு அப்பத்தைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், காய்ந்தாலும் கெடாது. நான் பிய்க்க மாட்டேன். உன் மனைவி வந்து பிய்க்கட்டும்.

வாசலிலேயே நிற்கும்
உன் அம்மா