மல்லாங்கிணற்றுப் பெண்ணின் தாடை

பங்குனி 12, செவ்வாய்

மல்லாங்கிணற்றிலிருந்து வந்த பெண்ணுக்கு இன்று தாடையில் கம்பி கட்டினேன். வண்டியிலிருந்து விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். ரோட்டில் விழுந்தால் முகவாய் சிராய்த்திருக்கும். இவள் தோலில் ஒரு கீறல் இல்லை. இடது தாடை மட்டும் உடைந்திருந்தது. வலது கைக்காரன் எதிரே நின்று குத்தினால் அங்கேதான் உடையும். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "பேசாதம்மா, தாடை அசையும்" என்று நான்தான் அடக்கினேன்.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டி முடித்ததும் அவன் கேட்டான்.

"எத்தன நாளைக்கு சார் வாயத் தொறக்க மாட்டா?"

"ஆறு வாரம்."

"இன்னுங் கொஞ்ச நாளு சேத்துப் போட்டிருக்கலாம்."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடும். உடனே கம்பியை வெட்ட வேண்டும். அதற்கான கட்டரை நோயாளியோடு வந்தவர் கையில் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அவனிடம் கொடுத்தேன். அவள் கையை நீட்டினாள். "ஏங்கிட்டயே இருக்கட்டும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இந்நேரம் கஞ்சி குடித்திருப்பாள். அது வயிற்றில் தங்க வேண்டும்.