கீழ் மிஷினை யாரும் அணைத்ததில்லை

ஜூன் 1, திங்கள்

காலையில் மேனேஜர் சுவரில் புது போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். 'நாங்கள் ஒருபோதும் விழுவதில்லை.' டேப் சரியாகப் பிடிக்காமல் போஸ்டர் விழுந்தது. சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

12ஆம் தேதி டிரில். எங்கள் இணையதளம் பத்து மருத்துவமனைகளுக்கு டோக்கன் கொடுக்கிறது. ஒரு மிஷின் போனாலும் தளம் நிற்காது என்று வருஷத்துக்கு ஒரு முறை ஆடிட்டர் முன்னால் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால்தான் எனக்கு லீவு. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க 20ஆம் தேதி ரயிலேற வேண்டும். நான் கூட வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பள்ளியில் அவள் மேடையேறிய மூன்று முறையும் இதே வாக்கைத்தான் கொடுத்தேன். மூன்று முறையும் சர்வர் அறையில் இருந்தேன்.

மனைவி கேட்டாள்: "உங்க ஆபீஸ்ல எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கி வச்சிருக்கீங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இன்னொருத்தர் இல்ல?"

நான் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 3, புதன்

"நீங்க என்னதான்பா வேல பாக்கறீங்க?" என்று மகள் கேட்டாள். பதினெட்டு வயதில் கேட்கிறாள். தப்பு என் மேல்தான்.

சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை வைத்து விளக்கினேன். முன்னால் இரண்டு வெப் சர்வர். நோயாளிகள் முதலில் இவற்றிடம்தான் வருவார்கள், மாறி மாறி. பின்னால் இரண்டு மிஷின், அலமாரியில் ஒன்று மேலே, ஒன்று கீழே. டோக்கன் போடுவது இவை. ஒவ்வொரு வெப் சர்வருக்குள்ளும் ப்ளக்-இன் என்று ஒன்று உண்டு. வந்த ஆளைப் பின்னால் எந்த மிஷினிடம் அனுப்பலாம் என்று ஒரு ஃபைலில் பட்டியல் இருக்கும், அதைப் பார்த்து அனுப்புவது அதன் வேலை. ஒரு மிஷின் செத்தால் பட்டியலில் இருக்கும் மற்றதிடம் அனுப்பும்.

"பட்டியல்ல ஒண்ணுதான் இருந்தா?"

"அப்படி இருக்காதும்மா."

ஜூன் 4, வியாழன்

இருக்கிறது.

சும்மா ஒரு சந்தேகத்துக்குத் திறந்து பார்த்தேன். முதல் வெப் சர்வரின் பட்டியலில் இரண்டு மிஷினும் இருக்கின்றன. இரண்டாவதில் கீழ் மிஷின் மட்டும். மூன்று வருஷமாக!

மேல் மிஷின் புதிதாக வந்த அன்று நான்தான் புது ஃபைல் தயாரித்தேன். இரண்டு வெப் சர்வரிலும் கையால் நகலெடுத்துப் போட வேண்டும். ஒன்றில் போட்டேன். அதற்குள் மேல் மிஷினோடு எல்லோரும் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் போட்டோ இன்னும் வரவேற்பறையில் தொங்குகிறது. நான்தான் அதிகமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு எப்படி இரண்டு டிரில் பாஸானது? யோசித்துப் பார்த்ததும் புரிந்தது. ஒவ்வொரு முறையும் மேல் மிஷினைத்தான் அணைத்திருக்கிறோம். கீழ் மிஷின் இரண்டு பட்டியலிலும் இருப்பதால் தளம் நிற்கவில்லை. அது இடுப்பு உயரத்தில், கைக்கு எட்டும்படி இருக்கிறது. கீழ் மிஷினை அணைக்கக் குனிய வேண்டும். மேனேஜருக்கு இடுப்பு வலி. எங்கள் தளத்தின் மானம் மூன்று வருஷமாக ஒருவருடைய இடுப்பில் நின்றுகொண்டிருக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

சர்வர்களில் எதை மாற்றவும் அனுமதி தர வேண்டிய மாற்றக் குழுவின் தலைவரிடம் போனேன். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பதால் ஆபீசில் அவருக்கு 'அப்புறம் சார்' என்றே பெயர்.

"ஒரு ஃபைல், சார். நகலெடுத்துப் போட நாப்பது செகண்டு ஆகும்."

"டிரில்லுக்கு முன்னாடி பத்து நாள் எதையும் தொடக் கூடாதுன்னு விதி இருக்கே. டிரில் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் வரை தப்பைத் திருத்தக் கூடாது. எந்தப் புத்திசாலி இந்த விதியை எழுதினான் என்று தேடிப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து.

ஜூன் 8, திங்கள்

திருட்டுத்தனமாகப் போட்டுவிடலாமா? போட்டால் பதினான்கு பேருக்கு எச்சரிக்கை மெயில் போகும். அந்த ஏற்பாடும் என் கைங்கரியம்தான்.

ஜூன் 10, புதன்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். முழுதாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"கீழ் மிஷின யாருங்க குனிஞ்சு அணைக்கப் போறாங்க? வழக்கம்போல மேல அணைப்போம், கை தட்டுவோம், டீ சாப்பிடுவோம். உங்களுக்கு லீவு வேணுமா வேண்டாமா?"

வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மகள் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருந்தது, கூடவே கேவலமாகவும் இருந்தது. நான் ரயிலில் இருக்கும்போது கீழ் மிஷின் நிஜமாகவே நின்றால்? டோக்கன் வராமல் நிற்பவருக்கு என் மகள் கல்லூரியில் சேர்வதா ஆறுதல்?

ஜூன் 12, வெள்ளி

ஆடிட்டர் புதியவர். கேன்வாஸ் ஷூ போட்ட குள்ளமான அம்மா. மேனேஜர் மேல் மிஷினை வணங்குவதுபோல் கையை நீட்டிக் காட்டினார். "நீங்களே உங்க கையால அணைங்க மேடம்."

"இது கிட்டக்க இருக்கு, எல்லாரும் இதைத்தான் அணைப்பாங்க," என்றார் அந்த அம்மா. குனிந்தார். கீழ் மிஷினை அணைத்தார்.

பெரிய திரையில் எங்கள் இணையப் பக்கம் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மா தட்டவில்லை, இன்னொரு முறை பக்கத்தைத் திறந்தார். பிழை. இன்னொரு முறை. வந்தது. இன்னொரு முறை. பிழை.

போன் அடித்தது. ஒரு மருத்துவமனையின் வரவேற்பாளர். "சார், ஒரு ஆளுக்கு டோக்கன் வருது, அடுத்த ஆளுக்கு வரல. இங்க ஒருத்தர் நாலாவது தடவையா வரிசையில போய் நிக்கறாரு. என்ன சார் பண்றீங்க அங்க?"

மேனேஜர் ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தார். "பாதி பேருக்கு வருது பாருங்க மேடம். முழுசா விழல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மேடம், தப்பு என்னோடது. ஃபைலை ஒரு சர்வர்ல போட்டுட்டு இன்னொண்ணுல போடாம விட்டது நான்தான். மூணு வருஷமா அப்படியே இருக்கு. போன வாரமே தெரியும். நாப்பது செகண்டுல போட்டுடறேன்."

லீவு போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"பத்து நாள் விதி..." என்று அப்புறம் சார் ஆரம்பித்தார். அந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். "இப்பவே போடுங்க," என்றார் அப்புறம் சார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது இதுவே முதல் தடவை.

போட்டேன். ஆனால் ப்ளக்-இன் தன் ஃபைலை நிமிஷத்துக்கு ஒரு முறைதான் திறந்து பார்க்கும். அந்த ஒரு நிமிஷம் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிஸ்கட் தட்டோடு வந்தவர்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு பக்கம் வந்தது. மறுபடியும் வந்தது. பத்து முறை திறந்தார், பத்து முறையும் வந்தது.

"பாத்தீங்களா மேடம், ஒரே நிமிஷத்துல எழுந்துடுச்சு! இதான் ஹை அவைலபிலிட்டி, எது போனாலும் தளம் நிக்காது!" என்றார் மேனேஜர்.

ஜூன் 15, திங்கள்

என் லீவு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படித்துவிட்டுக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மதியம் மேனேஜர் கூப்பிட்டு ஆடிட்டரின் அறிக்கையை நீட்டினார். இரண்டே குறிப்பு. முதலாவது, ஃபைல். இரண்டாவது: 'இந்த அலுவலகத்தில் மாற்று இல்லாத ஒரே உறுப்பு, சர்வர் நிர்வாகி. அவரை ஒரு வாரம் அணைத்துப் பார்த்து, தளம் ஓடுகிறதா என்று தெரிவிக்கவும்.'

"லீவுல போறதுன்னா விடமாட்டேன். ஆனா இது டெஸ்ட்," என்றார். "20ல இருந்து உங்கள அணைக்கறோம். ஆபீஸ் போன் வந்தா எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா நாம ஃபெயில்."

ஜூன் 19, வெள்ளி

எனக்குப் பதில் அப்புறம் சார். ஃபைல் போடக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு சர்வரிலும் போட வேண்டும் என்று ஏழு முறை சொன்னேன். எட்டாவது முறை அவரே கடுப்பாகச் சொன்னார்.

ஜூன் 21, ஞாயிறு

விடுதி. மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். பெட்டியை நான் தூக்குவதற்குள் அவளே பாதிப் படி ஏறிவிட்டாள். படுக்கை விரிப்பு, வாளி, பக்கத்து அறைப் பெண்ணின் நம்பர், எல்லாம் அரை மணியில் முடித்துவிட்டாள். எனக்கு வேலையே இல்லை.

வார்டனிடம் கொடுக்க வேண்டிய படிவத்தை என்னிடம் நீட்டினாள், கையெழுத்துக்கு. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள்' என்ற இடத்தில் இரண்டு வரி. முதல் வரியில் அவள் அம்மா. இரண்டாவதில் சித்தி.

"நான் இல்லையாம்மா?"

அவள் சங்கடப்பட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நீங்க எடுக்க மாட்டீங்களேப்பா. அம்மா எடுக்கலன்னா சித்திக்குத்தான் போடுவேன், சின்ன வயசுல இருந்தே."

வார்டனிடம் மூன்றாவது வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "ரெண்டு பேர் போதும் சார்," என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திரும்பும் ரயிலில் நன்றாக அழுதேன், எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 29, திங்கள்

ஆபீஸ். ஒன்றும் விழவில்லை. புதன்கிழமை கீழ் மிஷின் தானாகவே நின்றுபோனதாம், ஒரு நோயாளிக்கும் தெரியவில்லையாம். அப்புறம் சார் என் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தயங்கினார். இன்னொரு நாற்காலி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 2, வியாழன்

மீட்டிங் நடுவில் மகள் அழைத்தாள். எடுத்தேன். மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அப்பா? எடுத்துட்டீங்களா! அம்மா எடுக்கல. சித்தியும் எடுக்கல. ஒரு வாளித் துணிக்கு எவ்வளவு சோப்புத்தூள் போடணும்?"

எனக்குத் தெரியவில்லை. இரு, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தேன். ரெண்டு கரண்டி போதும், அதுக்கு மேல போட்டா அலசி மாளாது என்றார் மேனேஜர். அப்படியே சொன்னேன்.