நீ கையெழுத்துப் போட்ட தீர்மானம்

இன்று காலை எங்கள் தெருமுனைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மைதாப் பசை காயாமல் புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்தது. போளூரில் எங்கள் பக்கத்து ரோட்டை அகலமாக்கப் போகிறார்களாம், ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாமாம். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "ஆபீஸ்ல இருந்தவங்க நீங்க, எப்டி எழுதறதுன்னு சொல்லுங்கம்மா" என்றாள். அப்புறம் வா என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். உனக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நீ உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கிராம சேவிகா வேலை கிடைத்து, இன்னும் நிரந்தரமாகாத காலம். வாரத்தில் இரண்டு நாள் ஜவ்வாது மலையேறி உங்கள் ஊருக்கு வருவேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். முதல் நாளே சறுக்கி விழுந்து, புடவையெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றேன். "இன்னாக்கா, மலை உன்னைக் கட்டிப் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நம் இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான், இருந்தாலும் கடைசி வரைக்கும் நான் உனக்கு அக்கா. மாதர் சங்கம் ஆரம்பித்தபோது உன்னையே அமைப்பாளராகப் போட்டேன். உனக்கு வாய் இருந்தது, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வந்தது.

அப்போதுதான் உங்கள் ஊருக்கு அரசாங்கத் தொகுப்பு வீடு வந்தது. எங்கே கட்டுவது என்பதை ஊரே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்று உத்தரவு. ஊராவது கூடுவதாவது! எங்கள் அதிகாரி பி.டி.ஓ. ஜீப்பில் வரும்போதே இடத்தைப் பார்த்து வைத்துவிட்டார். ஊற்றுக்குக் கீழே இருந்த சமதரை. லாரி போகும், கடைக்கால் தோண்டச் சுலபம். அது உங்கள் ஊரே சாமை விதைக்கிற கொல்லை. அந்தச் சரிவில் உங்களுக்கென்று இருந்த ஒரே சமதரை அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாறை மேட்டில் கட்டலாமே சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

களத்தில் கூட்டம் நடந்தது. "இங்கயே கட்டிடலாமா? யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று பி.டி.ஓ. கேட்டார். ஒருவர் எழுந்து, "ஆட்டைப் பார்த்துட்டு வர்றேங்க" என்று போனார். இன்னொருவர், "மாடு அவுத்துக்கிச்சுங்க" என்றார். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தோ, வந்துர்றேங்க" என்று கிளம்பினார். யாரும் திரும்பி வரவில்லை. பெரிய அதிகாரி வந்திருக்கிறார், இந்த ஜனங்களுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரிகிறதா என்று எனக்கு ஒரே எரிச்சல். மிஞ்சியவள் நீ மட்டும்தான். எங்களுக்காகக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருந்தாய். அவர் களி வேண்டாம் என்று ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் தீர்மானப் புத்தகத்தில், 'ஊரார் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர், ஆட்சேபணை இல்லை' என்று எழுதி உன்னிடம் நீட்டினேன். நீ அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய்.

"கோழி கீறுன மாதிரி கீது உன் எழுத்து. இன்னாக்கா எழுதிக்கீற?"

"கூட்டத்துக்கு வந்தேன்னுதான். போடு சீக்கிரம், சார் காத்துட்டிருக்கார்."

நீ போட்டாய். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாய்.

வீடுகள் வந்தன. வரிசையாக, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, வெயிலில் கொதிக்கிற தளத்தோடு. ஊரில் பாதிப்பேர் அதில் ஆடுதான் கட்டினார்கள். லாரி ஏறி இறங்கி ஊற்றுக்கண் தூர்ந்துபோனது, பெண்கள் பள்ளத்துக்கு இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள். சாமை போனது போனதுதான். நீயும் உன் வீட்டுக்காரரும் திருப்பத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் போளூர்ச் சந்தையில் புளி விற்க வந்த உங்கள் ஊர்க்காரி, "அது செத்துப் போச்சேம்மா, தெரியாதா? மூணு நாள் காய்ச்சல், அவ்ளோதான்" என்றாள். நான் புளியை வாங்காமலே நடந்துவிட்டேன்.

ஆனால் இதையெல்லாம் சொல்லவா உட்கார்ந்தேன்? வீடு கட்டுவதற்கு முன்னால் நீ என் ஆபீஸுக்கு வந்தாயே, அந்த நாளைச் சொல்லத்தான்.

அளவெடுக்க வந்த ஓவர்சீயர் சாமைக் கொல்லையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார். ஊர் திரண்டு தடுத்திருக்கிறது. "உங்க ஊர்ப் பொம்பளதான்யா கையெழுத்துப் போட்டிருக்கு" என்று அவர் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரில் இன்றைக்கு உன் கொல்லை, நாளைக்கு என் கொல்லை என்று சேர்ந்துதானே களையெடுப்பீர்கள்? அந்த வருஷம் உன் கொல்லையில் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. தனியாகக் களையெடுத்துக் காய்த்துப்போன கையோடு என் மேஜைக்கு முன்னால் நின்றாய்.

"எழுந்து போய்ட்டாலே வாணாம்னுதாங்கா. பெரிய மனுசன் நம்மூரு தேடி வந்துகீறாரு, மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொல்லுவாங்களா? நான் உக்காந்துனு இருந்தது உனக்குச் சோறு போட. பசியோட உன்னை வுட்டுட்டு எப்டி எழுந்து போறது?"

பென்சிலால் எழுதிய அரைத்தாளை எடுத்துக் கொடுத்தாய். நானும் ஒத்துக்கலை, எங்க ஊரும் ஒத்துக்கலை, சாமைக் கொல்லையை விட்டுடுங்க என்று இருந்தது. "இத்த அந்தப் புத்தகத்துல சேத்துடுக்கா, போதும். ஊருல என்னைத் திரும்பச் சேத்துக்குவாங்க" என்றாய்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "அது ஜில்லா ஆபீஸுக்குப் போயிடுச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ அதைப் பார்த்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்து என் தோளைத் தொட்டாய்.

"அழாதக்கா. நீ இன்னா பண்ணுவ, பாவம்."

ஜில்லா ஆபீஸுக்கு எதுவும் போகவில்லை, கண்ணு. ஓவர்சீயரின் எஸ்டிமேட் வராததால், தீர்மானப் புத்தகம் வைத்த கோப்பு என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. நான் எழுதியது பொய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், இடத்தை மாற்றியிருப்பார்கள், இல்லை மறுபடி ஒரு கூட்டமாவது போட்டிருப்பார்கள். என்னைக் கேள்வி கேட்பார்களே என்று பயந்தேன். நீ போகிற வரைக்கும் டிராயரை முழங்காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் அதை நானே கட்டி, முத்திரை வைத்து அனுப்பினேன். உன் அரைத்தாளை மட்டும் அதில் வைக்கவில்லை. மூன்று வீடு மாறியும் அது என்னோடுதான் வந்துகொண்டிருக்கிறது, பென்சில் எழுத்து இப்போது பாதிக்குமேல் தெரியவில்லை.

அன்றைக்கு டிராயரைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.